ஈயக்குண்டும் எதிரொலியும்

பழவேற்காட்டுக் கடலில், கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு படகில் நீங்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நாற்புறமும் ஒரே மாதிரி நீர். படகோட்டும் பெரியவர் இயந்திரத்தை நிறுத்துகிறார். மேற்கே ஒருமுறை பார்க்கிறார். பிறகு தென்மேற்கே ஒருமுறை. "இங்கதான் வாத்தியாரே" என்கிறார். கீழே 30 மீட்டர் ஆழத்தில் ஒரு பாறை மேடு இருக்கிறது. அது இங்கே இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

கடலடியில் மணலுக்கு மேலே எழும்பி நிற்கும் இத்தகைய பாறைத்திட்டை நம் மீனவர் 'பார்' என்பர். பழைய சொல் இது. தூத்துக்குடியின் முத்துச்சிப்பிப் படுகைகளுக்கும் இதுவே பெயர்; 'தொள்ளாயிரம் பார்' அவற்றுள் ஒன்று. ஆங்கிலேய அதிகாரிகளும் தங்கள் அறிக்கைகளில் வேறு சொல் தேடாமல் 'பார்' என்றே எழுதினார்கள்.

பாரின் ஒரு பக்கம் செங்குத்தாகச் சரிந்திருந்தால் அங்கே மீன் மிகுதி. நீரோட்டம் பாறையில் மோதி மேலெழும்போது மிதவை உயிர்களையும் தூக்கி வருகிறது. அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் கூடுகின்றன. அவற்றுக்காகக் களவாவும் கொடுவாவும் பாறை விளிம்பின் நிழலில் பதுங்கிக் கிடக்கின்றன. கொடுவா துரத்தி வேட்டையாடுவதைவிடக் காத்திருந்து பாய்வதையே விரும்பும் மீன். பாறையில் வலை வீசினால் கிழியும், ஆகவே தூண்டில்தான். படகை நீரோட்டத்துக்கு மேற்புறம் நிறுத்தி, இரையை ஓட்டத்தோடு விளிம்பை நோக்கிப் போகவிட வேண்டும். குண்டு தரையைத் தொட்டவுடன் ஒரு முழம் தூக்கிவிட வேண்டும். தவறினால் முள் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். தங்கூசி நரம்பு அறுந்ததுதான் மிச்சம்.

ஆழத்தை அளக்க மீனவருக்கு அளவுகோல் அவர் உடம்பே. இரு கைகளையும் அகல விரித்த நீளம் ஒரு பாகம், சுமார் 1.8 மீட்டர். கயிற்றைப் பாகம் பாகமாக விட்டு எண்ணுவார். ஈயக்குண்டு மணலில் விழுந்தால் மெத்தென்று இருக்கும், பாறையில் விழுந்தால் கையில் சுண்டும். ஐரோப்பிய மாலுமிகள் குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்கினார்கள். மணல் ஒட்டி வந்தால் மணல் தரை, ஒன்றும் ஒட்டாவிட்டால் பாறை.

சரி, இடத்தைக் கண்டது எப்படி? பெரியவர் மேற்கே பார்த்தது கலங்கரை விளக்கத்தையும் அதன் பின்னால் தொலைவில் தெரியும் குன்றையும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால் படகு அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறது. தென்மேற்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைக் கொண்டு இன்னொரு கோடு. இரு கோடுகள் வெட்டும் புள்ளிதான் பார். புகைபோக்கிகள் வருமுன் உயர்ந்த பனைமரங்களே போதுமாக இருந்தனவாம்.

இது எவ்வளவு துல்லியமானது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். கலங்கரை விளக்கம் 10 கி.மீ. தொலைவில், குன்று அதற்கும் பின்னால் 50 கி.மீ. நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தைப் பிரித்தறியும். படகு பக்கவாட்டில் மூன்றரை மீட்டர் நகர்ந்தாலே இவ்விரு பொருள்களும் அந்த அளவு விலகித் தெரியும்! அலையின் ஆட்டத்தையும் மூட்டத்தையும் கருதிப் பிழையைப் பத்து மடங்காக்கினாலும் 35 மீட்டர்தான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒலியின் கதைக்கு வருவோம். 1826-ஆம் ஆண்டு ஜெனீவா ஏரியில் கொலடோன், ஸ்டர்ம் என்ற இருவர் ஓர் இரவுச் சோதனை செய்தனர். ஒரு படகில் நீருக்கடியில் மணியை அடிக்கும் நெம்புகோலே மேலே வெடிமருந்தையும் பற்றவைத்தது. 13 கி.மீ.க்கு அப்பால் மற்றொரு படகில் நீண்ட குழாயை நீரில் அமிழ்த்திக் காதை வைத்திருந்தவர், ஒளியைக் கண்டதிலிருந்து ஒலியைக் கேட்கும் வரை காலத்தை அளந்தார். நீரில் ஒலி வினாடிக்கு 1435 மீட்டர் செல்கிறது என்பது தெரிந்தது. நம் வெதுவெதுப்பான உப்புக் கடலில் இன்னும் சற்று வேகம். 1500 எனக் கொள்வோம். 30 மீட்டர் ஆழத்துக்கு ஒலி போய்த் திரும்ப 0.04 வினாடி போதும்.

1912-இல் டைட்டானிக் மூழ்கியது இத்துறைக்கு வேகம் கொடுத்தது. மறு ஆண்டே ஜெர்மனியில் பேம் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். 1914-இல் ஃபெசண்டன் சுமார் 3 கி.மீ. தொலைவில் இருந்த பனிப்பாறையை எதிரொலியால் கண்டார். முதல் உலகப்போரின்போது பிரான்சில் லாஞ்சுவான் குவார்ட்ஸ் படிகத்தை மின்சாரத்தால் அதிரச் செய்து மீயொலியை உண்டாக்கினார். நோக்கம் நீர்மூழ்கிகளைப் பிடிப்பது, மீனைப் பிடிப்பதன்று. 1935-இல் நார்வேயின் ஆஸ்கர் சுண்ட் காட் மீன் கூட்டத்தின் எதிரொலிப் பதிவை வெளியிட்டார். பல மீன்களில் எதிரொலியைப் பெரிதும் தருவது உடல் தசையன்று, உள்ளே இருக்கும் காற்றுப்பை. அது இல்லாத சுறா திரையில் மங்கலாகவே தெரியும்.

அப்படியானால் ஈயக்குண்டை எறிந்துவிடலாமா? சமதரையில் எறியலாம். செங்குத்துச் சரிவில்தான் சிக்கல். கருவியின் ஒலி கோடுபோல இறங்குவதில்லை, கூம்பாக விரிகிறது. கூம்பின் கோணம் 20 பாகை, தரை 30 பாகை சாய்வு, படகுக்கு நேர்கீழே ஆழம் 30 மீட்டர் என்போம். கூம்பின் ஓரம் சரிவின் மேற்பகுதியை 27½ மீட்டரிலேயே தொட்டுவிடுகிறது. முதலில் திரும்பும் எதிரொலி அதுதான். கருவி அதையே தரை என்று காட்டும். நேர்கீழே தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும் கொடுவாவின் எதிரொலி அதற்குப் பின்னர் வந்து, தரையின் வலுவான எதிரொலிக்குள் மறைந்துபோகிறது. மீன் எங்கே ஒட்டி நிற்கிறதோ அங்கேதான் கருவிக்குக் கண் தெரியவில்லை! கூம்பைக் குறுக்கினால் பிழை குறையும், முற்றிலும் நீங்காது.

இப்போது அந்த 35 மீட்டருக்கு வருவோம். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 1990-களில் பொதுமக்களுக்குத் தந்த இடக்குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது; சுமார் 100 மீட்டர் வரை தவறலாம். அந்நாளில் தெளிவான காலையில் பனைமரத்தையும் குன்றையும் பார்த்தவர் செயற்கைக்கோளை வென்றிருப்பார். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. பிழை 20 மீட்டருக்குள் வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்தன; கைக்குள் அடங்கும் ஜி.பி.எஸ். கருவியும் படகேறியது.

இதில் ஓர் இழப்பும் உண்டு. பழவேற்காடு ஏரிக்குள் எந்த ஊரார் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்பதற்குப் 'பாடு' என்ற முறைவைப்பு உண்டு. வெளிக்கடல் பாருக்கு அப்படி ஒன்றுமில்லை. அதன் இரகசியமே அதற்குக் காவல். தந்தை மகனுக்குச் சொல்வார், பக்கத்துப் படகைக் கண்டால் நங்கூரத்தைத் தூக்கி நகர்ந்துவிடுவார். இன்று இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டால் முன்பின் வராதவரும் நேராக வந்து நிற்கலாம். களவா மெல்ல வளரும் மீன். ஒரு பாரில் பிடித்துத் தீர்த்தால் எளிதில் நிரம்பாது. பெரியவரின் குறை இதுதான். மலையும் மரமும் பார்க்கத் தம் பேரனுக்குத் தெரியாது என்பதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று எங்கள் படகிலும் ஆழமானி இருந்தது. திரை 15 பாகம் என்றது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டுக் குண்டை இறக்கினார். விரலிடையில் நரம்பு ஓடியது. பதினாறில் சுண்டியது. ஒரு முழம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.