பதிவேட்டில் ஏறாத அடி

புகைவண்டிப் பாதை 1884-ஆம் ஆண்டில் ஹட்டனையும் மறு ஆண்டில் நானுஓயாவையும் எட்டியதனால் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க வழி பிறந்தது என்று நம் சரித்திர நூல்கள் விரிவாகவே எழுதியிருக்கின்றன. ஆனால் அதே பாதையில் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ரக்பி ஆடுவதற்கென்றே வெள்ளைக்காரக் கோஷ்டிகள் மலையேறி வந்ததையும், அந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டு விழுந்தவர்கள் எழுந்து நின்று மறுபடியும் ஆடியதையும், அந்த அடிக்கு எந்த ஏட்டிலும் இடம் இல்லாமற் போனதையும் எழுதுவோர் அரியர்.

இலங்கையில் ரக்பி கொழும்பில் 1879-இல் தொடங்கியது. கண்டியில் கிங்ஸ்வுட் கல்லூரியை 1891-இல் நிறுவிய பிளேஸ் அவர்கள் அதை நம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கினார். 1906-இல் அக்கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே முதலாவது பாடசாலைப் பந்தயம். 1908-இல் தேசிய ரக்பிச் சங்கம் அமைந்தது. ஆயினும் ஆட்டத்துக்கு உடல் வலிமையைக் கொடுத்தவர்கள் தோட்டத்துத் துரைமார்களே. திம்புள்ளப் பகுதிக்காரருக்கு ரதல்ல, டிக்கோயா மஸ்கெலியாப் பகுதிக்காரருக்குத் தரவளை, ஊவாக்காரருக்குப் பதுளை என்று கழகமும் மைதானமும் ஏற்பட்டன. இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் பாடசாலை முடித்து, தொழில் பழகுவதற்கென்று வந்து சேர்ந்த இளைஞர்களுள், நன்றாக ரக்பி ஆடத் தெரிந்தவனுக்குச் சின்னதுரை எனப்படும் உதவித் துரை உத்தியோகம் எளிதாகக் கிடைத்தது என்பது அக்காலத்தில் எல்லாரும் அறிந்த விஷயம்.

ரதல்ல மைதானத்தை நேரில் கண்டவர்களுக்கு அதன் விசேஷம் விளங்கும். மலைச்சரிவுகளுக்கு நடுவே சமதளமாகக் கிடக்கும் அந்தப் பசும்புற்றரையைச் சுற்றி நாற்புறமும் தேயிலை. தென்மேற்குப் பருவமழை பொழியும் மாதங்களே ஆட்டத்துக்கும் உரிய மாதங்களாதலால், மூடுபனி எழுந்து எதிர்ப்பக்கத்துக் கம்பங்களை மறைப்பதும், தரை சேறாகிக் கால் வழுக்குவதும், வழுக்கியவனின் தலை எதிரியின் முழங்காலிலோ இடுப்பெலும்பிலோ மோதுவதும் வழக்கமாயின. அடிபட்டுக் கிடந்தவனிடம் ஒருவர் தண்ணீர் வாளியோடு ஓடி வருவார். நனைந்த பஞ்சைப் பிடரியில் பிழிவார். கண் விழித்தால் தோளைத் தட்டி எழுப்பிவிடுவார். வைத்தியம் அவ்வளவுதான். அவனை வெளியே அழைத்துச் செல்லாததற்கு வீரம் என்ற ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்லுவது முழு உண்மையாகாது. காயமுற்றவனுக்குப் பதிலாக இன்னொருவனை இறக்க ஆட்டத்தின் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சர்வதேசப் பந்தயங்களில்கூட, வைத்தியர் உறுதிசெய்த காயத்துக்கு மாற்றாளை விடலாம் என்ற விதி 1968-இல்தான் வந்தது. ஆகவே மயங்கி விழுந்தவன் வெளியேறினால் பதினாலு பேர் பதினைந்து பேரை எதிர்த்து நிற்க வேண்டும். தன் கோஷ்டியை அப்படி விட்டுப்போக மனம் இல்லாதவன், கண் இருண்டு, எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்பதே தெரியாமல், எஞ்சிய நேரம் முழுவதையும் ஆடித் தீர்த்தான். சட்டம் உண்டாக்கிய அந்த நிர்ப்பந்தமே காலப்போக்கில் சம்பிரதாயமாகிப் புகழ்ச்சிக்கும் உரியதாயிற்று.

சனிக்கிழமை அடிபட்ட அதே சின்னதுரை திங்கட்கிழமை விடிகாலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஆள் கணக்குப் பார்த்து, வேலை பிரித்துக் கொடுத்தாக வேண்டும். மூளை அதிர்ந்தவனுக்குத் தலைவலியும், வெளிச்சம் பொறாமையும், மறதியும், காரணமற்ற கோபமும் நாட்கணக்கில் நீடிக்கும் என்பது இன்றைக்கு வைத்தியம் அறிந்த உண்மை. அந்தக் கோபத்தின் எதிரே நின்றவர்கள் தோட்டத் தொழிலாளர்களான நம்முடைய ஜனங்கள். இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும்: துரைமார் கையோங்கியதற்கு ரக்பியைக் காரணமாக்குவது அநியாயமாகும், ஓங்கிய கைக்குப் பின்னால் இருந்தது அதிகாரம், அந்த அதிகாரத்துக்கு அரணாகச் சட்டமும் கங்காணி முறையும் இருந்தன. அடிபட்ட தலையைப் பற்றி ஒருவரும் கேட்காமலிருந்த ஒரு சமூகத்தில், கீழே நின்றவனின் தலையைப் பற்றிக் கேட்பார் எங்கிருந்து வருவார் என்பதே என் விசாரம்.

தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி மூளையை நிரந்தரமாகக் கெடுக்கும் என்று அமெரிக்க வைத்தியர் மார்ட்லண்ட் 1928-இலேயே எழுதினார். குத்துச்சண்டைக்காரருக்கு மாத்திரம் உரிய வியாதி என்று உலகம் அதை ஒதுக்கிவைத்தது. ரக்பியிலிருந்து பிரிந்து, 1880 முதல் தனி விதிகளோடு வளர்ந்த அமெரிக்கக் கால்பந்தில், 1905-ஆம் ஆண்டிலேயே மரணங்கள் மலிந்து, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கல்லூரிகளின் ஆட்டப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. பின்னர் வந்த கனத்த தலைக்கவசம் மண்டையோட்டைக் காத்ததே தவிர, உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை சுழன்று அதிர்வதைத் தடுக்கவில்லை. கவசம் தரும் துணிச்சலில் தலையையே ஆயுதமாக்கி மோதும் பழக்கமும் வளர்ந்தது. 2002-இல் ஐம்பது வயதில் மாண்ட மைக் வெப்ஸ்டர் என்னும் பெயர்பெற்ற ஆட்டக்காரரின் மூளையைப் பரிசோதித்த நைஜீரிய வைத்தியர் பென்னட் ஒமாலு, அதில் டௌ என்னும் புரதம் படிந்திருப்பதைக் கண்டு 2005-இல் வெளியிட்டபோது, ஆட்டத்தை நடத்தும் லீக்கின் வைத்தியர்கள் அக்கட்டுரையைத் திரும்பப் பெறும்படி கோரினர். 2017-இல், தானமாகக் கிடைத்த 111 தொழில்முறை ஆட்டக்காரர்களின் மூளைகளுள் 110-இல் டௌ படியும் அவ்வியாதி காணப்பட்டது. நோய்க்குறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்ததால் இதை எல்லா ஆட்டக்காரருக்கும் பொருத்திவிடலாகாது என்றாலும், மறுப்பதற்கு இனி இடமில்லை. ரக்பியும் தப்பவில்லை: 2003-இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்சன், நாற்பத்திரண்டு வயதில் மறதிநோய் கண்டு, அந்த இறுதிப் பந்தயமே தம் நினைவில் இல்லை என்று 2020-இல் தெரிவித்தார்.

மலைநாட்டின் ஏடுகளுக்கு மீண்டும் வருவோம். 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்டப் பகுதிகளுக்கென வைத்திய ஏற்பாடு உண்டாயிற்று. 1934-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. அதன் அட்டவணை கை, கால், கண், விரல் என்று இழப்பைக் கணக்கிட்டுச் சதவீதம் கூறும். மழையில் வழுக்கிச் சரிவில் உருண்டு, கல்லில் தலை மோதி, காயம் ஆறிய பின்னும் ஞாபகம் கலங்கித் தன் லயக் குடியிருப்புக்கு வந்த ஒரு தொழிலாளி, எந்த வரிசையில் தன் இழப்பைத் தேடியிருப்பான்? கண்ணுக்குத் தெரிவதையே காயம் என்று கொள்ளும் அதே பார்வைதான் மைதானத்திலும் ஆண்டது. துரைக்குக் கோப்பையும் பத்திரிகையில் பெயரும் கிடைத்தன. தொழிலாளிக்கு அவையும் இல்லை.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தோடு ஆங்கிலத் துரைமார் கப்பலேறினர். முதுமையில் அவர்களுள் எவருக்கேனும் புத்தி தடுமாறியிருந்தால், அது வயதின் கோளாறு என்றே அவர்கள் ஊரில் கருதப்பட்டிருக்கும். ரதல்லவையும் தரவளையையும் ஒருவரும் நினைத்திருக்கமாட்டார்கள். இன்று ரக்பி கண்டியிலும் கொழும்பிலும் பாடசாலைகளின் பெருமையாக விளங்குகிறது. மலைநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளும் அதை விரும்பி ஆட வருகிறார்கள். வரவேண்டும் என்பதே என் ஆசையும். மூளை அதிர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்த மாத்திரத்தில் ஆட்டக்காரனை வெளியேற்ற வேண்டும், அன்றைக்கு அவனை மீண்டும் இறக்கலாகாது என்று இன்றைய விதி கூறுகிறது. வைத்தியர் அருகில் இல்லாத மைதானத்தில் அந்தச் சந்தேகம் எழ வேண்டியது ஆசிரியருக்குத்தான். எழுந்துவிட்டேன், ஆடுவேன் என்று சொல்லும் பிள்ளையின் பேச்சைக் கேளாமல் அவனை வெளியே உட்காரவைக்கவும், அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், பட்ட அடியைத் தேதியோடு ஓர் ஏட்டில் எழுதிவைக்கவும் ஒவ்வொரு பாடசாலையும் இந்தப் பருவத்திலேயே ஏற்பாடு செய்யவேண்டும்.