தெங்கின் வழித்தேர்வு: மதுரங்குளிக் கரையை முன்வைத்து ஒரு நோக்கு

கொழும்பு – புத்தளம் வீதியில் அமைந்த மதுரங்குளி, கொழும்பு, குருநாகல், புத்தளம் ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட தென்னை முக்கோணத்தின் வட எல்லையை அண்டியது. மழை குன்றிய இக்கரையில் எந்தத் தெங்கை நடுவது என்பது குடிகளின் பிழைப்போடு பிணைந்த வினாவாகும். நன்கு காய்க்கும் மரத்தின் நெற்றை எடுத்து நாற்றிடுதலே தொன்றுதொட்டு வந்த முறை. தாய் நன்றாயின் பிள்ளையும் நன்றாகும் என்ற அந்நம்பிக்கையில் பாதி உண்மையே உண்டு.

காரணம் பாளையிலேயே உள்ளது. நெட்டை வருக்கத்தில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்த பின்னரே பெண் பூக்கள் மகரந்தத்தை ஏற்கும் பக்குவம் எய்துகின்றன. எனவே தாய் இன்னதென அறியலாமேயன்றித் தந்தை எதுவென அறிதல் அரிது. அயல் தோட்டத்து நோஞ்சான் மரமும் தந்தையாகலாம். அன்றியும், ஒரு மரம் நிறையக் காய்ப்பது குலச்சிறப்பாலா, கிணற்றடி வாய்ப்பாலா என்பதைக் கண்ணாற் கண்டு கூறவும் இயலாது.

இச்சிக்கலை முறைப்படி ஆராய்ந்தவை 1929இல் தோன்றி லுணுவிலவில் நிலைகொண்ட தென்னை ஆராய்ச்சித் திட்டமும் அதன் வழிவந்த தென்னை ஆராய்ச்சி நிறுவனமுமாகும். மரத்துக்கு மரம் இலக்கமிட்டுப் பறிப்புத்தோறும் காய்களை எண்ணிப் பதிந்தனர். ஒவ்வொரு தாயின் பிள்ளைகளையும் நட்டுப் பார்த்தனர். எவ்வழி மேற்செல்வது, எவ்வழி நிறுத்தப்படுவது என்பதைத் தீர்மானித்தது அப்பேரேடே. இத்துறையில் டி. வி. லியனகேயின் பணி தனித்து நோக்கற்பாலது. 1955இல் இதே மாவட்டத்தின் அம்பகெலேயில் உருவான தனிமைப்படுத்திய விதைத்தோட்டம் தந்தை பற்றிய ஐயத்துக்கு விடையாயிற்று. தேர்ந்த மரங்களின் வழித்தோன்றல்களை மட்டும் அங்கு நட்டு, அயல் மகரந்தம் எட்டாவாறு காத்தனர். நெட்டையோடு நெட்டை கலந்த சி.ஆர்.ஐ.சி. 60, குட்டையோடு நெட்டை கலந்த சி.ஆர்.ஐ.சி. 65 என்பன அம்முயற்சியின் விளைவுகள்.

நெல்லாராய்ச்சியாளருக்கு இத்துணைத் துன்பமில்லை. ஆண்டுக்கு இருபோகம் காணும் பயிர் அது. சில ஆண்டுகளிலேயே பல தலைமுறைகளைக் கடத்திவிடலாம். பத்தலகொட நிலையத்தின் ‘பி.ஜி. 34-8’ என்ற பெயரில் நிலையம், கலப்பின் இலக்கம், தெரிந்தெடுத்த வழியின் இலக்கம் யாவும் அடங்கிவிடுகின்றன. உழவர் வாயில் வழங்கும் பெயரே ஒரு பதிவேடு! தென்னையிலோ ஒரு தலைமுறைக்கே ஆராய்ச்சியாளரின் பணிக்காலத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

எனினும் பேரேடு கூறியதெல்லாம் மதுரங்குளிக்குப் பொருந்தவில்லை. குட்டை–நெட்டைக் கலப்பு விரைந்து காய்ப்பது, மிகுந்து காய்ப்பது. ஆயினும் வரட்சியைத் தாங்குவதில் நெட்டைக்குப் பின்னிற்பது. நீர்வளமுள்ள நிலத்தில் முதலிடம் பெற்ற வழி, வரண்ட ஓரத்திற் பின்தங்கலாம். காய் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்ட தேர்வு, விளிம்பில் வாழும் தோட்டக்காரரைக் கணக்கிற் கொள்ளாத தேர்வு என்றே கூறவேண்டும். இன்று பயிர்விருத்தித் தரவுகளைக் கணினி மென்பொருள் தொகுத்து, அடுத்த கட்டத்துக்குரிய வழிகளை நொடியில் வரிசைப்படுத்தித் தருகிறது. எந்த அளவுகோலால் வரிசைப்படுத்துவது என்பதை அதற்கு மனிதரே சொல்லவேண்டியுள்ளது. நெட்டை நாற்றை இக்கரையில் இன்று நடுபவர், அதன் குணத்தை அறிய ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; தேர்வு பிழையென அப்போது தெரிந்தாலும், நிலத்தை மரம் பிடித்திருக்கும்.