கோரெமும் லாலிபெலாவும்: எத்தியோப்பியாவைக் காட்டிய படங்கள், காட்டாமல் விட்ட காரணங்கள்

1984 அக்டோபர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் வந்த சில நிமிடச் செய்தி ஒன்று எத்தியோப்பியாவுக்கு உலகெங்கும் ஒரே முகத்தைக் கொடுத்தது. செய்தியாளர் மைக்கேல் பியூர்க்; படம் பிடித்தவர் நைரோபியில் பிறந்த முகமது அமின். இடம், வடக்கே கோரெம் என்னும் சிற்றூர். விடியற்குளிரில் வெட்டவெளியில் ஒடுங்கிக் கிடந்த ஆயிரக்கணக்கானோரைப் பார்த்தவர்கள் பின்னர் மறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பேண்ட் எய்டு பாடல் வெளிவந்தது. 1985 ஜூலை 13 அன்று லைவ் எய்டு இசைநிகழ்ச்சி நடந்தது. நிவாரணப் பணம் குவிந்தது. அதனோடு ஒரு நாட்டின் பெயர் பட்டினிக்கு மறுபெயராகவும் ஆகிப்போனது. மெலிந்த பிள்ளையைக் கேலி செய்ய 'எத்தியோப்பியா', 'சோமாலியா' என்று கூப்பிடும் வழக்கம் நம் பள்ளிக்கூடங்களிலும் இருந்தது. அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். பிரிட்டனில் விஎஸ்ஓ என்னும் தொண்டு அமைப்பு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வில், வளரும் நாடுகள் என்றதும் பஞ்சமும் பேரழிவும் மேலை உதவியுமே நினைவுக்கு வருவதாக 80 விழுக்காட்டினர் கூறினர்.

நேரில் போய்ப் பார்ப்பதும், பார்த்ததைப் படம் எடுத்து வந்து காட்டுவதும் இத்தகைய ஒற்றைப் படிமத்தைத் தகர்த்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது பாதிதான் சரி என்பது என் வாதம். ஒரு படத்துக்கு எதிராக இன்னொரு படத்தை நிறுத்துவதால் படிமம் தகர்வதில்லை. ஊர், நாள், காரணம், ஆட்களின் பெயர் ஆகியவற்றை இழந்துதான் செய்திப் படம் பொதுப் படிமமாக மாறுகிறது. இழந்தவற்றை மீட்டுத் தரும் அளவுக்கே பயணப் படமும் மறுப்பாக நிற்க முடியும்.

கோரெம் படம் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். அந்தப் பஞ்சத்தில் இறந்தோர் தொகை 4 லட்சம் முதல் 10 லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. அந்தப் படம் வெளிவராமல் இருந்திருந்தால் தொகை இன்னும் கூடியிருக்கும். குறை வேறிடத்தில் இருக்கிறது. காட்சியோடு வந்த வருணனை அதை விவிலியக் காலத்துப் பஞ்சத்தோடு ஒப்பிட்டது. அந்த ஒப்புமை ஏறியதும் பஞ்சத்துக்கு ஆண்டு இல்லாமல் போயிற்று. அதற்குப் பொறுப்பானவர்களும் மறைந்துபோயினர். மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் பஞ்சம் கடுமையாகத் தாக்கிய திக்ரே, வொல்லோ, எரித்திரியா ஆகியவை, 'தெர்க்' என்னும் இராணுவ ஆட்சி கிளர்ச்சியாளர்களோடு போரிட்டுக்கொண்டிருந்த பகுதிகள். சந்தைகள் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. தானியம் ஊர்விட்டு ஊர் போவது தடுக்கப்பட்டது. வடக்கிலிருந்து பல லட்சம் பேர் தெற்கே கட்டாயமாகக் குடியேற்றப்பட்டனர். இவற்றை அலெக்ஸ் டி வால் 1991-ல் ஆப்பிரிக்கா வாட்ச் அமைப்புக்காக எழுதிய அறிக்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. மக்கள் செத்துக்கொண்டிருந்த 1984 செப்டம்பரில் அந்த ஆட்சி தன் பத்தாம் ஆண்டு விழாவைத் தலைநகரில் பெருஞ்செலவில் கொண்டாடியது. கோரெம் படத்தின் சட்டகத்துக்குள் இவை எவையும் இல்லை.

இதே வொல்லோவில் 1973-லும் பஞ்சம் வந்தது. வங்கப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ட அமர்த்தியா சென், 1981-ல் வெளிவந்த 'வறுமையும் பஞ்சங்களும்' நூலில் அதை ஆராய்ந்தார். அந்த ஆண்டு நாட்டின் மொத்த உணவு விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை என்றும், குலைந்தது வொல்லோ மக்களின் வாங்கும் ஆற்றலே என்றும், பட்டினி கிடந்த மாகாணத்திலிருந்தே தானியம் வெளியே போனது என்றும் அவர் காட்டினார். அந்தப் பஞ்சத்தை வெளியுலகுக்குக் காட்டியது ஜோனதன் டிம்பிள்பியின் தொலைக்காட்சிப் படம். அதைப் பேரரசரின் விருந்துக் காட்சிகளோடு கலந்து வெட்டி ஒட்டி, 1974 செப்டம்பர் 11 இரவு எத்தியோப்பியத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. மறுநாள் ஹைலே செலாசி பதவி இறக்கப்பட்டார். பட்டினிப் படத்தைக் காட்டி ஆட்சியைப் பிடித்தவர்களே பத்தாண்டு கழித்துப் பட்டினியை மறைக்க முயன்றார்கள். படம் யார் கையில், எந்த வரிசையில், எந்தச் சொற்களோடு வருகிறது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பயணி என்ன காண்கிறார்? அடிஸ் அபாபாவிலிருந்து தென்மேற்கே காஃபா வட்டாரத்துக்குப் போகிறவர் மழைக்காட்டுக்குள் நுழைகிறார்; காப்பிச் செடி காட்டுச் செடியாகவே வளரும் மண் அது. எகிப்தை அடையும் நைல் நீரில் ஏறத்தாழ 85 விழுக்காடு எத்தியோப்பிய மேட்டுநிலத்திலிருந்து இறங்குவது. பேண்ட் எய்டு பாடலின் தலைப்பு, கிறிஸ்துமஸ் வந்திருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டது. நான்காம் நூற்றாண்டில், அக்சும் மன்னன் எசானா காலத்திலேயே கிறித்தவத்தை ஏற்ற நாடு அது. ஜனவரி 7 அன்று லாலிபெலாவில் வெண்ணிறப் போர்வை போர்த்திய பல்லாயிரம் பேர், பாறையைக் குடைந்தெடுத்த தேவாலயங்களைச் சூழ்ந்து நின்று அந்தத் திருநாளைக் கொண்டாடுகிறார்கள். அங்குள்ள 11 தேவாலயங்களும் 1978-லேயே யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில், அதுவும் முதல் தொகுதியிலேயே, சேர்க்கப்பட்டவை. பஞ்சத்தை மட்டும் அறிந்தவருக்கு இந்தப் படங்கள் வியப்பைத் தருகின்றன. அந்த வியப்பு நல்ல தொடக்கம்.

ஆனால் பயணப் படங்களைப் போற்றுவோர் தவறவிடும் ஒன்று உண்டு. லாலிபெலா இருந்ததும் அன்றைய வொல்லோ மாகாணத்தில்தான். கோரெமுக்கும் அதற்கும் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. தேவாலயத்தின் படம் பஞ்சத்தின் படத்தைப் பொய்யாக்குவதில்லை. உலகம் வியக்கும் கட்டடக் கலையை உருவாக்கிய மண்ணில், திருநாளும் வழிபாடும் அறுபடாத மண்ணில், ஓர் அரசின் போர்முறை மக்களைப் பட்டினியில் தள்ளியது என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லும்போதுதான் பழைய படிமம் உடைகிறது. அழகை மட்டும் காட்டினால், படிமம் இடம் மாறுகிறதே ஒழியக் கலைவதில்லை.

இடம் மாறிய படிமம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓமோ பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். கீழுதட்டில் மண்தட்டு அணியும் முர்சி பெண்களைப் படம் பிடிக்கவே வாகனங்களில் வந்திறங்கிச் சிறிது நேரத்தில் திரும்பிவிடும் பயணிகள் பலர். ஒரு படத்துக்கு இத்தனை பிர் என்று காசு கைமாறுகிறது. பயணிகளின் கண்ணைக் கவர வழக்கத்தில் இல்லாத அணிகளையும் பூட்டிக்கொண்டு அப்பெண்கள் நிற்கிறார்கள். 1960களின் இறுதியிலிருந்து முர்சியரிடையே களப்பணி செய்த மானிடவியலாளர் டேவிட் டர்ட்டன், 2004-ல் எழுதிய கட்டுரையில் இந்தச் சந்திப்பை ஆராய்ந்தார். படமெடுப்பவர், படமெடுக்கப்படுபவர் ஆகிய இரு தரப்பும் ஒருவரையொருவர் இழிவாக எண்ணிப் பிரியும் சந்திப்பாகவே அது அவர் எழுத்தில் தெரிகிறது. இதையும் பயணம் என்றே அழைக்கிறோம். பஞ்சத்தின் எத்தியோப்பியாவுக்குப் பதிலாகக் 'காலத்தில் உறைந்த பழங்குடி'யின் எத்தியோப்பியா இங்கே கிடைக்கிறது. இதிலும் ஆண்டு இல்லை, பெயர் இல்லை.

வேறொரு ஆபத்தையும் அண்மைக் காலம் காட்டியது. 2020 நவம்பரில் திக்ரேயில் போர் மூண்டபோது தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டது; செய்தியாளர்களுக்கும் வழி அடைக்கப்பட்டது. 2022 நவம்பர் 2 அன்று பிரிட்டோரியாவில் உடன்பாடு கையெழுத்தாகும்வரை வடக்கிலிருந்து வந்த படங்கள் மிகச் சில. அப்போதும் லாலிபெலாவின் பழைய சுற்றுலாப் படங்கள் இணையத்தில் கிடைத்துக்கொண்டே இருந்தன. அந்த ஊரோ 2021 ஆகஸ்டில் போராளிகள் கைக்குப் போயிருந்தது. கெட்ட செய்தி வரும்போதெல்லாம் "அந்த நாடு அப்படியில்லை, நான் போயிருக்கிறேன்" என்று பயணப் படத்தை நீட்டுவது, சில வேளைகளில் துன்பப்படுவோரின் வாயை அடைப்பதாகிவிடும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நல்லெண்ணம் உள்ளவர்களே இந்தத் தவற்றைச் செய்கிறார்கள் என்பதுதான்.

எனவே செய்தியாளர் படம் கெட்டது, பயணி படம் நல்லது என்று பிரிப்பது பயனற்றது. கோரெமைப் படமெடுத்த அமினே கென்யாவையும் பாகிஸ்தானையும் குறித்துப் பயணப் படநூல்கள் வெளியிட்டவர். 1996-ல் அவர் இறந்தது, கடத்தப்பட்டுக் கொமொரோஸ் அருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில். ஒரே மனிதர், ஒரே கண். உலகம் வைத்துக்கொண்டது ஒரு தொகுதியை மட்டும். படிமம் என்பது எடுத்தவரின் குற்றமாக இருப்பதைவிடத் தேர்ந்து பரப்பியவர்களின் செயலாகவே பெரிதும் இருக்கிறது. 1989-ல் ஐரோப்பியத் தொண்டு அமைப்புகள் படங்களுக்கும் செய்திகளுக்கும் நடத்தை நெறி வகுத்ததும், அடிஸ் அபாபாவில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் ஆய்டா முலுனே 2010-ல் 'அடிஸ் ஃபோட்டோ ஃபெஸ்ட்' விழாவைத் தொடங்கியதும் அந்தத் தேர்வைத் திருத்தும் முயற்சிகள். பின்னதன் பயன் பெரிது. தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கே அந்நாட்டவர் கைக்கே போகிறது.

பயணிகளில் யாருடைய படம் சான்றாக நிற்கும்? என் தீர்ப்பில், தங்கியவர்களுடையது. ஹைலே செலாசி காலந்தொட்டு இந்திய ஆசிரியர்கள் பெருந்தொகையாக எத்தியோப்பியப் பள்ளிகளில் பணியாற்றினர். கேரளத்தவர் மிகுதி, தமிழ்நாட்டவரும் இருந்தனர். அண்மை ஆண்டுகளில் அங்குள்ள பல்கலைக்கழகங்களிலும் நம்மவர்கள் கற்பித்திருக்கிறார்கள். ஓராண்டு, ஈராண்டு, சில சமயம் பத்தாண்டு ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள் இவர்கள். மழை பெய்த மாதத்தையும் சந்தையில் தானியம் விலை ஏறிய வாரத்தையும் அறிந்தவர்கள். இவர்கள் எடுத்த படத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தம் கையாலேயே எழுதியவர்கள் இவர்கள். செய்திப் படத்துக்கும் சுற்றுலாப் படத்துக்கும் இல்லாத தகுதி அது.

அந்த ஆசிரியர்களில் மூத்த தலைமுறையினர் இன்று முதுமையில் இருக்கிறார்கள், பலர் மறைந்துவிட்டார்கள். அவர்களின் படத்தொகுப்புகள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், ஊரையும் ஆண்டையும் தெரிந்த பெயர்களையும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் இப்போதே எழுதிவையுங்கள். அதன்பின் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் காப்பகத்தை அணுகுங்கள்.