திருத்தாமல் காத்தல்: சார்ல்ஸ்டனின் அய்க்கன்-ரெட் இல்லமும் மரபுக் காப்பின் அளவுகோலும்

அமெரிக்கத் தென்மாநிலங்களில் பழைய நகர மாளிகைகளைக் காக்கும் இயக்கத்துக்கு நூறாண்டு வரலாறு உண்டு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஜோசப் மானிகோ மாளிகைக்கு ஆபத்து வந்தபோது, 1920இல் சூசன் பிரிங்கிள் ஃபிராஸ்ட் முன்னின்று பழைய வீடுகளைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். 1931இல் அந்நகரம் தன் பழைய பகுதியைச் சட்டத்தால் காத்து நாட்டுக்கே முன்னோடியானது. வீடுகள் இடிபடாமல் பிழைத்தன. பிழைத்த வீட்டை எந்தக் காலத்துத் தோற்றத்தில், யாருடைய வாழ்வுக்குச் சான்றாக நிறுத்துவது என்பது மட்டும் தீராத கேள்வியாக நின்றது. எலிசபெத் தெருவிலுள்ள அய்க்கன்-ரெட் இல்லத்தை முன்வைத்து இக்கட்டுரை அதை ஆராய்கிறது. இத்தகைய வீடுகளைப் பழைய பொலிவுக்கு மீட்பதைவிட, கிடைத்த நிலையிலேயே நிலைநிறுத்திக் காப்பதே தக்க நெறி என்பது இதன் வாதம். மீட்டமைப்பு முதலில் அழிப்பது அடிமைப்படுத்தப்பட்டோரின் தடயங்களை என்பதே அதற்குக் காரணம்.

வீட்டின் வரலாறு

வணிகர் ஜான் ராபின்சன் 1820ஐ ஒட்டி இவ்வீட்டைக் கட்டினார். 1825இல் கப்பல்கள் கடலில் மூழ்கிப் பெருநட்டம் நேர, அது கைமாறி வில்லியம் அய்க்கனிடம் வந்தது. தந்தைக்குப் பின் 1833இல் மகன் வில்லியமும் மனைவி ஹேரியட்டும் குடியேறினர். வீட்டின் முகப்பையே வேறு தெருவுக்குத் திருப்பினர். பின்கட்டுக் கட்டடங்களை விரித்தனர். 1858இல் ஐரோப்பியக் கலைப்பொருள்களுக்கென ஒரு கூடம் சேர்த்தனர். 1844 முதல் 1846 வரை மாநில ஆளுநராக இருந்த மகன் அய்க்கன், ஜெஹாஸி தீவில் பெரும் நெற்பண்ணை வைத்திருந்தார். உள்நாட்டுப் போருக்கு முன் அங்கே சுமார் 700 பேர் அடிமைகளாக உழைத்தனர். நகர வீட்டின் சலவைக்கல் படிகளுக்கும் வெளிநாட்டுச் சரவிளக்குகளுக்கும் விலை கொடுத்தது அந்த நெல்தான்.

போருக்குப் பின் குடும்பத்தின் செல்வம் சுருங்கியது. வழிவந்தோர் சில அறைகளைப் பூட்டிவைத்துவிட்டு மற்றவற்றில் வாழ்ந்தனர். புதுப்பிக்கப் பணம் இல்லாததால் சுவர்த்தாளும் வண்ணமும் விளக்குகளும் இருந்த இடத்திலேயே தங்கின. 1975இல் வீடு சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வந்தது. 1995இல் வரலாற்றுச் சார்ல்ஸ்டன் அறக்கட்டளை அதை வாங்கியது.

ஒரே நிறுவனம், இரு நெறிகள்

இதே அறக்கட்டளை 1955 முதல் நத்தானியேல் ரஸ்ஸல் இல்லத்தையும் பேணிவருகிறது. 1808இல் முடிந்த அவ்வீட்டில், தாங்குதூண் எதுவுமின்றி மூன்று தளம் சுழன்றேறும் படிக்கட்டு உண்டு. அங்கே பிற்கால வண்ணப் படலங்களை ஆராய்ந்து, ரஸ்ஸல் காலத்து நிறங்களை மீட்டெடுத்திருக்கிறார்கள். அய்க்கன்-ரெட் இல்லத்திலோ கிழிந்த சுவர்த்தாள் கிழிந்தபடியே இருக்கிறது. உரிந்த வண்ணத்துக்குமேல் எவரும் தூரிகை வைப்பதில்லை.

மீட்டமைப்பு ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அப்படித் தேர்ந்ததும் அதற்குப் பிற்பட்டவை யாவும் களையப்பட வேண்டிய குப்பையாகிவிடுகின்றன. ஊகம் தொடங்குமிடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்கிறது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். ஊகத்தைத் தவிர்த்துவிட்டால் மட்டும் சிக்கல் தீராது. முழுச் சான்றோடு செய்யும் மீட்டமைப்பும் வேறு சான்றுகளைச் சுரண்டி எறிந்தே நடக்கிறது.

பின்கட்டின் சாட்சி

அய்க்கன்-ரெட் இல்லத்தின் பின்முற்றம் உயர்ந்த செங்கல் மதிலால் அடைக்கப்பட்டது. ஒருபுறம் சமையற்கூடமும் சலவைக்கூடமும், எதிர்ப்புறம் குதிரைலாயமும் வண்டிக்கொட்டிலும் நிற்கின்றன. சமையற்கூடத்தின் மாடியில் வரிசையாகச் சிற்றறைகள். டார்கஸ், சாம்போ ரிச்சர்ட்சன் தம்பதியும் குழந்தைகளும், ஆன் கிரெக்ஸும் அவர் மகன் ஹென்றியும் இவ்வீட்டில் அடிமைகளாக இருந்தவர்கள். அந்த அறைகளில் பழைய தரைப்பலகையும் சுவரின் வண்ணமும் இன்றும் உள்ளன. எசமானர்களின் வாழ்க்கையைச் சொல்லக் கடிதங்களும் கணக்கேடுகளும் உண்டு. இவர்களைப் பற்றிய எழுத்துச் சான்றோ மிகச் சொற்பம். சுவரும் தரையுமே ஆவணம்.

ரஸ்ஸல் இல்லமே இதற்கு வலுவான சான்று தருகிறது. அதன் சமையற்கட்டடத்தில் பிற்காலப் பூச்சுக்குப் பின்னால் தேடிய ஆய்வாளர்களுக்கு, எலிகள் சேர்த்துவைத்த குவியலில் பொத்தான், ஊசி போன்ற சிறு பொருள்களோடு வாசிப்புப் பாடநூல் ஒன்றின் கிழிசலும் கிடைத்தது. அது 1830களைச் சேர்ந்தது. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தென் கரோலினா 1834இல் சட்டத்தால் தடுத்தது. அந்தத் தாள் யார் கையிலிருந்தது என்று உறுதிசெய்ய வழியில்லை. ஆனால் அக்கேள்வியைக் கேட்கவாவது முடிகிறது. முற்காலத் தோற்றத்துக்காக முன்னரே அச்சுவர்களை உரித்திருந்தால், அத்தாள் இடிபாட்டோடு வண்டியேறியிருக்கும்.

மறுப்புகள்

உப்புக்காற்றும் ஈரப்பதமும் கறையானும் புயலும் உள்ள ஊரில் வீட்டைத் தொடாமல் விடுவது அழியவிடுவதே என்பது முதல் மறுப்பு. இந்நெறி கைகட்டி நிற்கும் நெறியன்று. கூரை ஒழுகக்கூடாது, நீர் வடிய வேண்டும், உத்திரம் தாங்க வேண்டும். சேதத்தின் காரணத்தை நீக்கிவிட்டு, அதன் தடத்தை மட்டும் விட்டுவைப்பதே இங்குள்ள பணி. அதற்குத் தேவைப்படும் தொழில்நுட்பமும் செலவும் புதுப்பிப்பதற்குச் சளைத்தவையல்ல.

இரண்டாவது மறுப்பு கனமானது. உரிந்த சுவர்கள், வீழ்ந்த பண்ணையார் குலத்தின் சோக அழகாகவே காண்போர் மனத்தில் பதியலாம். இது மெய்யான அபாயம். அதற்கு மாற்று வண்ணம் பூசுவதன்று. காட்டும் முறையை மாற்றுவது. சமையற்கூடத்து அடுப்பையும் மாடியறைகளையும் பார்த்த பிறகு விருந்துக்கூடத்தில் நுழைபவர், அந்தச் சரவிளக்கின் விலையை வேறு விதமாகக் கணக்கிடுவார்.

1975ஐயோ 1995ஐயோ இறுதி நிலையாகக் கொள்வதும் ஒரு தேர்வுதானே என்பது மூன்றாவது. ஆம், தேர்வுதான். ஆயினும் நாளை நம்மைவிடக் கூர்மையான கேள்வியோடு வருபவருக்கு அது சுவரை மிச்சம் வைக்கிறது.

முடிவுரை

எனவே தென்மாநில நகர மாளிகையில் கைவைக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இந்த வேலையால் எந்தச் சான்று அழியும்? அது யாருடைய வாழ்வின் சான்று? அவர்களைப் பற்றி வேறு சான்று உண்டா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்பது விடையானால் வேலையை நிறுத்த வேண்டும். இந்த அளவுகோலின்படி, பழுதுபார்க்கும் பணத்தில் முதல் பங்கு விருந்துக்கூடத்தின் மேற்கூரைக்கன்று, சமையற்கூடத்து மாடிக்கே உரியது.