லிப்ற்றைக் கழற்றிவிட்டு எஸ்கலேற்றர் போட்ட கதை

லண்டனில் பாதாள ரயிலால் இறங்கி மேலேயுள்ள பெரிய புகையிரத நிலையத்துக்குப் போகிறவர்கள், எஸ்கலேற்றர் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்தது என்றுதான் நினைப்பார்கள். அப்படியில்லை. ஆழச் சுரங்கத்தில் முதல் மின்சார ரயில் ஓடியது 1890இல். அன்று சனத்தை ஏற்றி இறக்கியது லிப்ற். ஆனால் லிப்ற்றுக்குக் காத்து நிற்கவேணும், அதை இயக்க ஆள் வேணும். கூட்டம் கூடக்கூட அது தாக்குப்பிடிக்கவில்லை.

பாதாள ரயில் நிலையமொன்றில் முதல் எஸ்கலேற்றர் 1911 ஒக்ரோபர் 4இல், ஏர்ள்ஸ் கோற்றில் ஓடத் தொடங்கியது. சனம் பயப்படாமல் ஏறவேணும் என்பதற்காக பம்பர் ஹரிஸ் என்ற ஒற்றைக்கால் மனிதரை அதில் ஏற்றி இறக்கிக் காட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்தக் காலத்து எஸ்கலேற்றர் முடியுமிடம் நேராக இராது, சரிவாக இருக்கும். பக்கவாட்டில் கால் எடுத்து வைத்துத்தான் இறங்கவேணும். லண்டனில் வலப்பக்கம் நிற்கிற வழக்கம் அதனால் வந்தது என்பார்கள்.

பிறகு வேகம்தான் முக்கியமானது. 1928இல் பிக்கடில்லி சேர்க்கஸில் லிப்ற்றுகள் போய் 11 எஸ்கலேற்றர்கள் வந்தன. யூஸ்ரன் இன்னும் நல்ல உதாரணம். 1907இல் இரண்டு பாதாள ரயில் கம்பனிகள் அங்கே வந்தன. மேலேயுள்ள பெரிய நிலையத்துக்குள்ளேயே போய்ச் சேருகிற லிப்ற்றுகள் இருந்தன. விக்ரோறியா லைனுக்காக 1960களில் நிலையத்தை மாற்றிக் கட்டியபோது அந்த லிப்ற் வழி மூடப்பட்டு எஸ்கலேற்றர் வந்தது. பழைய லிப்ற்றும் குறையில்லாததல்ல, பல நிலையங்களில் அதற்கும் மேடைக்கும் நடுவில் படிகள் இருந்தன. ஆனாலும் அதைத் திருத்துவதை விட்டுவிட்டு அடியோடு எடுத்துவிட்டார்கள்.

எஸ்கலேற்றரின் மற்ற முகத்தை 1987 நவம்பர் 18 மாலை கிங்ஸ் குறொஸ் காட்டியது. பிக்கடில்லி லைனின் மர எஸ்கலேற்றருக்குக் கீழே பல வருசமாகச் சேர்ந்திருந்த கிறீசிலும் தூசியிலும் யாரோ போட்ட தீக்குச்சி விழுந்தது. நிலக்கீழ் நிலையங்களில் புகைத்தலை 1985இலேயே தடை செய்திருந்தார்கள். ஆனால் வெளியேறும்போது எஸ்கலேற்றரில் நின்றே சிகரட் பற்றவைக்கிற பழக்கம் போகவில்லை. நெருப்பு சரிவான அந்தப் பள்ளத்தில் படுத்தபடி மேலே ஓடி, ரிக்கற் மண்டபத்தில் வெடித்துப் பரவியது. 31 பேர் இறந்தார்கள். அடுத்த வருசம் வந்த ஃபெனல் விசாரணை அறிக்கைக்குப் பிறகு மர எஸ்கலேற்றர்களை அகற்றும் வேலை வேகம் பிடித்தது. கடைசி மர எஸ்கலேற்றர் கிறீன்ஃபோர்ட் நிலையத்தில் 2014 வரை ஓடியது.

ஆக, நெருப்புக்கு விடை தேடினார்கள். படியேற ஏலாதவருக்கு விடை மெல்லத்தான் வந்தது. 1999இல் நீட்டிய ஜூபிலி லைனின் புது நிலையங்களில் லிப்ற் வைத்தார்கள். கிங்ஸ் குறொசில் 2010இல்தான் எல்லா மேடைக்கும் படியில்லாமல் போக முடிந்தது. 272 பாதாள ரயில் நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குத்தான் இன்றும் அந்த வசதி. யூஸ்ரனில் இல்லை. மன்செஸ்ரரில் இருந்து சக்கர நாற்காலியில் வந்து இறங்குகிறவர் அங்கே கீழே போக ஏலாது, பஸ் பிடிக்கவேணும். நூறு வருசத்துக்கு முன்னர் லிப்ற் இருந்த நிலையம் அது!

ஊரிலிருந்து வந்த எங்கட அம்மாமார் எஸ்கலேற்றர் வாயில் சேலைக்கரையைப் பிடித்துக்கொண்டு தயங்குவதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். பின்னால் வருகிறவர் "எக்ஸ்கியூஸ் மீ" என்று தள்ளிக்கொண்டு போவார். அந்தத் தயக்கம் நாட்டுப்புறத்தனம் இல்லை. ஓடுகிறவனுக்காகச் செய்த படி அது. முழங்கால் நோகிறவரும், பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளுகிறவளும், இரண்டு சூட்கேசோடு எயார்போட் போகிறவனும் அந்தக் கணக்கில் இல்லை.

லிப்ற் கேட்பதைச் சலுகை கேட்பதாகப் பார்க்கிறவர்கள் உண்டு. முதலில் இருந்ததைத் திருப்பிக் கேட்பதற்குப் பெயர் சலுகையா?