741-உம் ஒரு மொட்டை அலையும்

கோயம்புத்தூரில் பி.இ. படிக்கும்போது லேப் பரீட்சையில் என் மார்க்கைத் தின்றது இந்த 741 ஆப்-ஆம்ப்தான். கெயினைக் கூட்டித் தொலைத்துவிட்டேன். அழகாக வளைந்து வரவேண்டிய சைன் அலை, ஆசிலாஸ்கோப்பில் உச்சி வெட்டுப்பட்டு நின்றது. "என்னப்பா, மொட்டை அடிச்சு வச்சிருக்க?" என்றார் எக்ஸ்டர்னல். அரியர் விழாமல் தப்பித்ததே பெரிய விஷயம்.

இப்போது சான் ஹோசேயில் எம்.எஸ். ரூம்மேட் தன் கிட்டாருக்கு ஓவர்டிரைவ் வேண்டும் என்றான். கடையில் வாங்கக் காசில்லை, நானே கட்டினேன். ஒரு 741, ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு ஜெர்மானியம் டையோடு, சில்லறை ரெசிஸ்டர்கள். 1970களில் ரோச்செஸ்டரில் எம்எக்ஸ்ஆர் கம்பெனி செய்த டிஸ்டார்ஷன் பிளஸ் பெட்டியும் ஏறக்குறைய இதேதான். சிக்னலை 200 மடங்கு வரை பெருக்கும், சுமார் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் டையோடு மிச்சத்தைத் தரைக்கு இறக்கிவிடும். அதாவது, வேண்டுமென்றே மொட்டை :)

சரி, இந்த 741 எங்கே பிறந்தது தெரியுமா? இங்கே பக்கத்தில், மவுண்டன் வியூவில் இருந்த ஃபேர்சைல்டில். பாப் விட்லர் 1965-இல் கொடுத்த 709-க்கு வெளியே கெப்பாசிட்டர் கட்டாவிட்டால் தானாகவே ஊளையிடும். 1968-இல் டேவ் ஃபுல்லகர் 30 பிகோஃபாரட் கெப்பாசிட்டரை சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டார். அப்புறம் என்னைப் போன்ற அரைகுறைகளும் பயமில்லாமல் தொட முடிந்தது. அதற்கு விலை வேகம். 200 மடங்கு பெருக்கும்போது 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 741 திணறும். ஆனால் கிட்டாருக்கு அதுவே வரம்; காதைக் கிழிக்கும் கீச்சு அடங்கிவிடுகிறது.

ரேதியானின் 4558 கதையும் இப்படித்தான். அதன் ஜப்பான் பதிப்பு 1970களின் கடைசியில் ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமருக்குள் போனது. டெக்சாஸின் ஸ்டீவி ரே வான் அதை மிதித்து வாசித்தார்.

யோசித்தால் வேடிக்கை. ஆப்-ஆம்ப் பிழையில்லாமல் கணக்குப் போடப் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் பெல் லேப்ஸ் அதைப் பீரங்கிக்குக் குறி கணக்கிட வைத்திருந்தது. பொறியாளர்கள் விரட்டிய பிழையை வாத்தியக்காரர்கள் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

பெட்டியை மாட்டி ரூம்மேட் ஒரு இழுப்பு இழுத்தான். ஆடி மாசம் மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் அலறுமே, அதே கரகரப்பு. எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

மறுநாள் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன். அங்கே வெட்டியது சப்ளை வோல்டேஜ், இங்கே டையோடு; மற்றபடி அதே மொட்டை. எக்ஸ்டர்னல் மேல் கோபமில்லை. அவர் கேட்டது ஆம்ப்ளிஃபையர். நான்தான் கேள்வி மாறி, கிட்டார் பெட்டிக்குப் பதில் எழுதிவிட்டேன்.