ரேகையும் ரெக்கார்டும்

1920. சென்னை மாகாணத்துக்கு இரண்டு முகங்கள் இருந்த வருஷம் அது. இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் இங்கேதான் வந்தது. தப்பு செய்த பிள்ளையைப் பெரியவர்களோடு ஜெயிலில் அடைக்காதே, தனியாக விசாரி, திருத்தப் பார் என்றது அது. நல்ல விஷயம்தான்.

அதே வருஷம் ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், 'ரேகை வைக்க மாட்டோம்' என்று நின்ற மக்கள் மேல் போலீஸ் சுட்டது. குறைந்தது பதினாறு பேர் செத்தார்கள். மாயாக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர்.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது ஏட்டுப் பெயர். ஊர்க்காரர்களுக்கு அது ரேகைச் சட்டம். ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கு வரை பரவியிருந்த பிரமலைக் கள்ளர்களையும் அது விடவில்லை. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆறு வயதுக்கு மேல், பதினெட்டுக்குள் இருக்கிற பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து சீர்திருத்தப் பள்ளியில் வைக்கவும் சர்க்காருக்கு அதிகாரம். பையன் திருடியிருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தாலே போதும்! ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்தது சரியா என்று கோர்ட்டில் கேட்கவும் வழியில்லை.

1947இல் சென்னை மாகாணம் இந்தச் சட்டத்தைத் தூக்கியது. ஆனால் பள்ளிக்கூட வாசலில் 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயர் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் இருந்தது. பெயர் குத்தும், ஆனாலும் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்து வந்தது அங்கேதான்.

இன்றைய இளைஞர் நீதிச் சட்டம் நேர் எதிர்த் திசையில் போகிறது. குழுமம் ஒரு சிறுவனைக் குற்றம் செய்தவன் என்றே தீர்மானித்தாலும், அதைக் காட்டி வேலையோ படிப்போ மறுக்கக் கூடாது. அப்பீல் காலம் முடிந்தபின் ரெக்கார்டையே அழித்துவிட வேண்டும். சிறு வயது வழக்கைக் காட்டி மத்திய தொழில் பாதுகாப்புப் படை வேலை மறுக்கப்பட்ட இளைஞர் ஒருவருக்கு, 2019இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லித்தான் கைகொடுத்தது.

தேனியில் போலீஸ் வேலைக்கு மனுப் போடுகிற பையனுக்கு இது தெரிஞ்சிருக்கணும். ஒரு விலக்கும் தெரிஞ்சிருக்கணும்: பதினாறைத் தாண்டியவன் கொடிய குற்றத்தில் சிக்கி, சிறார் நீதிமன்றம் அவனைப் பெரியவனாகவே வைத்து விசாரித்துக் குற்றவாளி என்றால், 2015 சட்டப்படி இந்தப் பாதுகாப்பு கிடையாது.